வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்

எங்கள் கல்யாண ஆல்பத்தை விட்டால், நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நிற்கிற போட்டோ சொந்தக்காரர்கள் யார் வீட்டிலும் கிடையாது. எந்த ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒன்று நான் இருப்பேன், இல்லாவிட்டால் அவர் இருப்பார். பெரிய நாத்தனார் மகள் கல்யாணத்தில் நான். சின்ன நாத்தனார் மகன் கல்யாணத்தில் அவர். என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் போனேன், அவன் குழந்தைக்குக் காது குத்தியபோது அவர் போனார். தெரியாதவர்கள் பார்த்தால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் நினைப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாப் போயிருமுங்க, ஆம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்தே போயிருப்பேன். பாயசம் இன்னும் வரவில்லை என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் வேறு. நாங்கள் கொலுசுப் பட்டறைக்காரர்கள். சேலத்தில், அம்மாபேட்டை மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை. வியாபாரி கட்டி வெள்ளியைக் கொடுப்பார். அதைக் கம்பியாக இழுத்து, வளையமாக்கி, பற்றவைத்து, அரத்தால் ராவி, சலங்கை கோத்துக் கொலுசாகத் திருப்பிக் கொடுப்போம். வீட்டில் கிடக்கிற வெள்ளி எதுவும் எங்களுடையது இல்லை. அடுத்தவர் பொருளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வெளியே கிளம்புவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பக்கத்துச் சந்தில் தனிப் பட்டறை வைத்திருக்கிற என் கொழுந்தனார் வீட்டிலும் இதே சட்டம்தான். ஆகவே அவர்களும் நாங்களும் நல்லது கெட்டதுக்குப் பாதிப் பாதியாகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இதனால் எங்கள் வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டுகிற பழக்கமே இல்லாமல் போய்விட்டது. சாவி சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கும். வெளியே போனவர் திரும்பி வந்து தட்ட வேண்டும், உள்ளே இருக்கிறவர் திறக்க வேண்டும். அதுவும் உடனே நடக்காது. தட்டுவது யார் என்று நன்றாகத் தெரிந்தாலும், தரையில் பரப்பியிருக்கிற வெள்ளியையெல்லாம் தட்டில் அள்ளி, பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் வந்து தாழ்ப்பாளை எடுப்பார். கதவு திறக்கிற நேரத்தில் காற்றோடு காற்றாக யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது பாருங்கள். காய்கறிப் பையோடு வெயிலில் நின்று நான் கத்தாத நாள் இல்லை.

"வெள்ளிய எடுத்து வெச்சுட்டு வாரேன் புள்ள" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையை விட்டு எழுந்தால் காலைக் கழுவாமல் வாசல்படி தாண்டக் கூடாது. கழுவுகிற தண்ணீரும் சாக்கடைக்குப் போகக் கூடாது. வாசலை ஒட்டி ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி கிடக்கும். அதற்குள் நின்றுதான் கழுவ வேண்டும். ராவும்போது பறக்கிற வெள்ளித் தூள் பாதத்திலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளிந்ததும் மேலே இருப்பதை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததை ஒரு டிரம்மில் கொட்டி வைப்போம். தரையைக் கூட்டிய குப்பை, உட்கார்ந்து கிழிந்த சாக்கு, வேலைக்குக் கட்டிய பழந்துணி எல்லாம் அதே டிரம்முக்குத்தான். வருஷத்துக்கு ஒரு முறை குப்பை அரிக்கிறவர் வந்து எடுத்துப்போய், எரித்து அரித்து, அதிலிருக்கிற வெள்ளியைப் பிரித்துக் கொடுப்பார். வாழ வந்த புதிதில் எனக்கு இது அருவருப்பாக இருந்தது. போகப் போக என் கால் தானாகவே தொட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போனால்கூட வாசலில் நின்று தொட்டி எங்கே என்று பார்ப்பேன். அம்மா சிரிப்பாள்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததை முதலில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊதி ஊதிப் பற்றவைக்கிற வேலை, ஆசிட் புகை, ராவுகிற தூள். பட்டறைக்காரன் இருமாமல் வேறு யார் இருமுவார்கள் என்று அவரே சொல்வார். பிறகு மாடிப்படி ஏற முடியாமல் போனது. பிறகு பேச்சை இரண்டாக உடைத்துப் பேச வேண்டியதானது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். நுரையீரல் கெட்டித்துப் போயிருக்கிறது, பழையபடி ஆகாது, இருக்கிறவரைக்கும் தூசியும் புகையும் இல்லாத இடமாக நல்ல காற்றில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல காற்றுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் சந்தில் ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் கொலுசுக்கு அச்சு அடிக்கிற மெஷின் சத்தம். மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துக்கொண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னலைத் திறந்தால் புகை வரும், சாத்தினால் உள்ளேயிருக்கிற தூசி.

டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வெறும் தரையில் படுத்துக்கொண்டு, அச்சு மெஷின் அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏ புள்ள, ஒரே ஒரு நாளு எங்கயாச்சும் போயிட்டு வரலாமா?" என்றார்.

"எங்கீங்க?"

"சத்தமில்லாத எடமா. ரெண்டு பேரும்."

அந்த 'ரெண்டு பேரும்' என்பதைத் தனியாக, மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சாதாரண வார்த்தை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழங்கியதே இல்லை.  "ஆமா, துரைக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் ஏற்காடு என்றார்கள். கொழுந்தனார் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் மகளும் போனில் அதையேதான் சொன்னாள். கூப்பிடு தூரத்தில் மலை இருக்கும்போது வேறு எங்கே போவது? மேடான இடம் மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் என் வீட்டுக்காரர் சொன்ன காரணம் வேறு.

"ஏற்காட்டுல நின்னு பாத்தா என்ன தெரியும்? சேலந்தான் தெரியும். மறுக்கா இதையே பாக்கறதுக்கு எதுக்குப் போவோணும்?"

பிறகு அவரே, கடலுக்குப் போகலாம் என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் கூட்டிப்போனார்களாம். நான் பார்த்ததே இல்லை. ஆத்தைத் தெரியும், ஏரியைத் தெரியும், கிணற்றைத் தெரியும். கடல் எங்களுக்கு டிவியில் இருக்கிற சாமான்.

போவதென்று முடிவானதும் அவர் செய்த முதல் காரியம் வீட்டிலிருந்த வெள்ளி முழுவதையும் வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்ததுதான். முடிந்த கொலுசு, முடியாதது, கம்பி, வெட்டுத் துண்டு எல்லாவற்றையும் கொழுந்தனார் எடுத்துப் போனார். அன்று சாயங்காலம் முன்னறை காலியாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறையை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னமோ வீட்டில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

விடியற்காலையில் கார் வந்தது. எங்கள் சந்திலேயே வாடகைக் கார் ஓட்டுகிற பையன், பொறுமைசாலி. சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைப் பின்சீட்டில் வைத்தோம். யாரும் பார்க்கக் கூடாதென்று அவர் அதன்மேல் துண்டைப் போர்த்தினார். சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒழுங்காக வைக்க எதுவும் கிடைக்காமல், வாசலில் இருந்த நீலத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் எல்லாவற்றையும் அடுக்கினேன். சாமி அலமாரியிலிருந்து சாவியை எடுத்துத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, கதவைப் பூட்டியபோது அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூட்டியதும் இழுத்துப் பார்த்தார். படி இறங்கிப் போய்விட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லைங்க, அடுப்பும் நம்ம துணிமணியுந்தான்" என்றேன்.

"அது நம்முளுதுதான? அதையும் பாத்துக்கோணுமல்ல" என்றார்.

ஆத்தூர் தாண்டும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதன் பிறகு, வெளுத்த களங்களில் ஜவ்வரிசி காயப்போடுகிற ஆட்களைப் பார்த்ததும் பேச்சு வந்தது. சின்னசேலம் பக்கம் டீ குடித்தோம். கடலூரில் தேவனாம்பட்டினம் என்கிற இடத்துக்குப் போகிறோம் என்று தெரியும்; அந்தக் கடற்கரைக்கு சில்வர் பீச் என்றும் பேர் இருப்பதை டிரைவர் அப்போதுதான் சொன்னான். "அங்கயும் வெள்ளிதானா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கப் போய், இருமலில் முடிந்து, சிலிண்டரைத் திறக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. வேலை நாள் என்பதால் கூட்டம் இல்லை. தூரத்தில் இரண்டு பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, அவர் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, ஐயாவுக்கு ஒடம்பு முடியலையா?"

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அன்று ஒரு நாளாவது அவரை யாரும் நோயாளி என்று சொல்லக் கூடாது என்று எனக்கு இருந்தது. "வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்காருங்க, அசதி" என்றேன். அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சம்மணம் போட்டு மணலில் உட்கார்ந்தார்.

எனக்குக் கடலைப் பார்த்ததும் முதலில் வந்தது பயம்தான். இவ்வளவு தண்ணீரையும் எது பிடித்து வைத்திருக்கிறது என்று புரியவில்லை. சத்தமும் கொஞ்சநஞ்சமில்லை. சத்தமில்லாத இடம் வேண்டும் என்று கேட்டவரை இங்கே கூட்டிவந்துவிட்டோமே என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இரைச்சலாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"இருக்குது. ஆனா யாரையும் வேலைக்குக் கூப்புடலையே" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அலைக்குப் போக வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கிற ஆளில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு எட்டு வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாகப் போய் ஈரத்தில் நின்றோம். அலை வந்து கணுக்கால் வரை ஏறித் திரும்பியது. திரும்பும்போது எங்கள் காலுக்கு அடியிலிருந்த மணலையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. குதிகாலுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. அவர் பதறிப்போய்க் குனிந்துவிட்டார். இரண்டு கையையும் காலுக்குப் பின்னால் அணை கட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு, "அய்யோ, போவுது பாரு, போவுது பாரு" என்றார்.

முதலில் எனக்கும் பதற்றம்தான். காலடியிலிருந்து எது போனாலும் பிடிக்க வேண்டும் என்றுதானே என் கையும் பழகியிருக்கிறது? நானும் குனிந்தேன். ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் அது வெறும் மணல் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது.

"இத்தனை போவுதே, ஒருத்தரும் தொட்டி வெக்கலையே" என்றார்.

அப்படி அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இருமல் வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

மத்தியானத்துக்குத் தக்காளி சாதமும் தயிர் சாதமும் கட்டியிருந்தேன். கூடவே தட்டுவடை செட்டுக்கான சாமான்களையும் எடுத்து வந்திருந்தேன். தட்டுவடையும் துருவிய பீட்ரூட்டும் இரண்டு சட்னியும் இல்லாவிட்டால் சேலத்துக்காரனுக்கு வாய் நம நம என்றிருக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் எல்லாவற்றையும் வைத்து அமுக்கிக் கொடுத்தேன். காற்று மணலை வாரி அதன்மேல் போட்டது. நறநறவென்று கடித்துக்கொண்டே, "நம்மூர்ல இதெல்லாம் போட மாட்டேங்கறாங்க" என்றார். அப்புறம் நான் தடுக்கத் தடுக்க இன்னொரு செட்டும் வாங்கித் தின்றார்.

சாப்பிட்டதும் என் மடியில் தலைவைத்துப் படுத்தார். பட்டப்பகலில், நாலு பேர் போய்வருகிற இடத்தில். ஊரில் என்றால் நானே விலக்கியிருப்பேன். துண்டைக் கூடாரம் மாதிரிப் பிடித்து அவர் முகத்துக்கு நிழல் காட்டினேன். தூங்கிவிட்டார். வீட்டில் தலையணை மேல் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்குகிறவர், அன்று மல்லாந்து படுத்து, இருமாமல், சிலிண்டர் இல்லாமல் தூங்கினார். மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது தப்பு என்று அப்போது நம்பினேன். முழுமனசாக நம்பினேன். காற்றுதான் இவருக்கு வேண்டியிருந்தது, இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடலாம், எனக்கென்ன, இட்லி சுட்டு விற்றாவது பிழைத்துக்கொள்வேன் என்று ஒவ்வொன்றாக யோசித்து முடிவுகூடச் செய்துவிட்டேன். அழுகை வந்தது. மடி குலுங்கினால் எழுந்துவிடுவாரே என்று அசையாமல் அழுதேன்.

எழுந்து உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "எனக்கப்பறம் நீ வெள்ளிய ஊட்டுக்குள்ள உடாத சாமி" என்றார்.

"வாயை மூடுங்க."

"பூட்டிட்டுப் போ. எங்கெங்க போவோணுமோ அங்கெல்லாம் போ. ஒறம்பரை, சொந்தம்னு எந்த ஊட்டு விசேசமும் ஒண்ணு உடாமப் போ."

"இந்தப் பேச்சுப் பேசறதுக்குத்தான் இத்தனை தூரம் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கத்தினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையிலிருந்த துண்டை வாங்கி என் முகத்தைத் துடைத்துவிட்டார். துண்டு முழுக்க மணல்.

கிளம்புகிற நேரத்தில் டிரைவர் தன் செல்போனில் எங்களை ஒரு போட்டோ எடுத்தான். அதில் அவர் நடுவில் நிற்க, நான் ஒட்டி நின்று அவர் தோளைப் பிடித்திருப்பேன். ஆசைக்குப் பிடித்ததில்லை, காற்றில் தள்ளாடுகிறாரே என்று பயந்து பிடித்தது. போட்டோவில் என்னமோ ஆசையாகத்தான் தெரிகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கார்ச் சீட்டில் அவரைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, காலை வெளியே தொங்கவிடச் சொல்லி, கேனில் இருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கழுவி முடித்துப் பார்த்தால், அவர் கால் இரண்டும் நீலத் தொட்டிக்குள் இருந்தது. பாத்திரத்தையெல்லாம் எப்போது எடுத்து வெளியே வைத்தேன், தொட்டியை எப்போது இழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. கலங்கின தண்ணீரில் மணல் சுழன்றுகொண்டிருந்தது. டிரைவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். நான் வெட்கத்தில் தொட்டியைத் தூக்கிக் கொட்டப் போனேன்.

"கொட்டாத" என்றார். "தெளியட்டும். நம்ம கால்ல வந்தது நமக்குத்தான்."

தெளிகிற வரைக்கும் கார் நின்றது. மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் கிடந்த ஒரு பிடி மணலை, காலியாகியிருந்த தயிர் சாத டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன்.

சேலத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்துக்குள் கார் நுழைந்ததும் அச்சு மெஷின் சத்தம் வந்து காதில் ஏறியது. நான் சிலிண்டரையும் தொட்டியையும் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு நின்றார். யாரும் வராததால் மறுபடி தட்டினார்.

நான் பின்னால் போய் நின்றேன். "உள்ள யாருங்க இருக்காங்க?"

திரும்பி என்னைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "நீதான் இருப்பீன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"வெள்ளிய எடுத்து வெச்சுட்டு வருவா, சித்த நேரம் நில்லுங்க" என்றேன். பூட்டின வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கொழுந்தனார், விட்ட வேலையைத் தொடங்கலாம் என்று வியாபாரியிடமிருந்து வெள்ளியோடு வந்தார். என் வீட்டுக்காரருக்கு முடியாமல் போனதிலிருந்து பற்றவைக்கிற வேலையைக் கொழுந்தனார்தான் வந்து பார்த்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் தொட்டிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தவர், அடியில் படிந்ததைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து டிரம்மில் கொட்டிவிட்டார். பட்டறைக்காரன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். பாவம், அவர் டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினார். கருப்புத் தூளும் சாம்பலுமான அதற்குள் மணலை எங்கே போய்த் தேடுவது?

"உடு புள்ள" என்றார் இவர், உள்ளே படுத்தபடி. "டிரம்லதான இருக்குது. ஊட்ட உட்டுப் போயிரலையே."

கடல்காற்று நாலு நாள்கூடத் தாங்கவில்லை. மறுபடி தலையணை அடுக்கினோம். சிலிண்டர் பெரிதானது. தைப் பொங்கலுக்கு மகள் வந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு காலையில், நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, என்னைக் கூப்பிடக்கூடச் செய்யாமல் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ கேட்டார்கள். கல்யாணப் போட்டோவை விட்டால் எங்கள் கையில் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தது கடற்கரையில் எடுத்ததுதான். மகள் அதைக் கொடுத்துவிட்டாள். சந்து முனையில் பேனர் கட்டியதும் பார்த்தேன். என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த கடலையும் எடுத்துவிட்டு நீல வானமும் ரோஜாப்பூவும் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் தோளில் என் கை விரல்கள் அப்படியே இருந்தன. யாரும் கவனிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் அவர் காலைத் தாண்டிப் படியில் வழிந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் நீலத் தொட்டியை எடுத்து வந்தேன். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு மூன்று பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உடுங்க, அது போவுது, அது போவுது" என்று நான் கத்தியதாக மகள் பிற்பாடு சொன்னாள். கொழுந்தனார்தான் என் கையிலிருந்து தொட்டியை வாங்கி, அண்ணன் காலுக்குக் கீழே வைத்தார்.

எல்லோரும் போன பிறகு அந்தத் தண்ணீர் தெளிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். அடியில், அவர் தலைக்குத் தேய்த்த அரப்புத் தூள்தான் பச்சையாகப் படிந்திருந்தது. மின்னுவதாக ஒன்றும் இல்லை. அவர் பட்டறையில் உட்கார்ந்து அத்தனை நாளாகியிருந்தது. ஆயுசு முழுக்க அந்தக் காலில் ஒட்டியிருந்தது எங்கே போனது என்று தேடிப் பார்த்த அந்த நிமிஷம்தான் அவர் இனி இல்லை என்பது எனக்குப் புரிந்தது. தண்ணீரைத் தூக்கிக் கொட்டினேன்.

அவர் சொன்னபடியே வெள்ளியை வீட்டுக்குள் விடவில்லை. மீதமிருந்ததைக் கொழுந்தனார் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். குப்பை அரிக்கிறவர் வழக்கம்போல வந்து டிரம்மைக் கேட்டார். வெள்ளியை எடுத்துக்கொண்டு மற்றதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொட்டிவிடுவோம், வேறென்ன செய்வது என்றார். அப்படியானால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். டிரம் மூலையில் கிடக்கிறது. மகள் வரும்போதெல்லாம், "எதுக்கும்மா இதப் போய் அடைச்சு வெச்சிருக்கற?" என்கிறாள். கிடந்தால் கிடக்கட்டும், உன் வீட்டிலா இருக்கிறது என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

இப்போது வருகிற பத்திரிகை ஒன்றையும் நான் விடுவதில்லை. கல்யாணம், சீர், காது குத்து எல்லாவற்றுக்கும் போகிறேன். போட்டோவிலும் நிற்கிறேன். போன மாதம் குமாரபாளையத்தில் மகளின் நாத்தனாருக்குக் கல்யாணம். பவானி பாலத்துக்குப் பக்கத்தில் மண்டபம். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, வெயில் தாழச் சேலம் வந்து இறங்கினேன். சந்தில் அச்சு மெஷின் அடித்துக்கொண்டிருந்தது. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினேன்.

தட்டிய பிறகுதான் பூட்டு கண்ணில் பட்டது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் உடனே எடுக்கத் தோன்றவில்லை. தரையில் பரப்பினதையெல்லாம் தட்டில் அள்ளி, பெட்டியில் வைத்து மூடிவிட்டு, எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு நானே திறந்துகொண்டேன்.